நிட்டிங்காரனின் பாவசங்கீர்த்தனம்

பேய், அருள்வாக்கு, தரிசனம் எதையும் நான் நம்பினவன் இல்லை. ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கினவன் நான். கோயிலுக்குப் போனால் தூண் ஓரமாக உட்கார்ந்து தூங்கிவிடுவேன், அவ்வளவுதான் என் பக்தி. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட், ஆர்டர் அவசரம் என்றால் இரண்டும் சேர்த்து. வருஷக்கணக்காக அந்த இரைச்சலுக்குள் நின்றால் காது என்னத்துக்கு ஆகும்? மிஷின் பக்கம் இருந்த என் இடது காது சுத்தமாகச் செத்துவிட்டது, வலது காதில் கத்தினால் கேட்கும். நிட்டிங்காரர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம், நாங்கள் ரகசியம் சொன்னால் தெருவுக்கே கேட்கும். அதனால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு எங்களைக் கடைசியில்தான் விடுவார்கள், மற்ற சனமெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு.

அந்த வருஷம் எங்களுக்கு முதல் குழந்தை இறந்தே பிறந்தது. பெண். ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இல்லை, நானே துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்தேன். கோயில் சனம் எங்களைக் கைவிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி விட்டு வந்த களைப்போடு தினமும் சாயங்காலம் யாராவது பெண்கள் வந்து சோறாக்கினார்கள், துணி துவைத்தார்கள், முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னார்கள். அதில் ஒருத்திதான் ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை மோட்சத்துக்குப் போகாது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணமில்லை, அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படி. அன்றோடு ஸ்டெல்லா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், பேச்சையும் நிறுத்திவிட்டாள். ஷிப்டுக்கும் போய், வந்து அவள் வாயில் கஞ்சியை வைத்துப் பார்த்து, அது கடைவாயில் வழிவதைத் துடைத்துத் துடைத்து நான் ஓய்ந்துபோனேன். இவளும் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை அவளாகவே வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, எம்புள்ள எங்க இருக்கறாள்னு சாமியாரக் கேட்டுட்டு வாங்க. அப்பறம் சாப்படறேன்."

ராத்திரி ஷிப்ட் முடிந்து இன்னும் கண் மூடாதவன், அப்படியே கோயிலுக்குப் போனேன். வரிசையில் கடைசி ஆள் நான்தான். முன்னால் சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் கோயில்பிள்ளை நின்று என்னவோ அறிவித்தார், எனக்கு எங்கே கேட்கிறது. என் முறை வந்து, சாமியார் உள்ளே உட்கார்ந்திருக்கும், கூண்டு மாதிரியான அந்த மரத்தொட்டியின் ஓரம் முட்டி போட்டபோது, வலது காதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு அசதி. சாமியாருக்கும் எனக்கும் நடுவில் இருந்த வலைத்தட்டி இடது காதோடு ஒட்டி இருந்தது.

"சாமி" என்றேன், வழக்கம்போலக் கத்தித்தான்.

"மெதுவாப் பேசு கண்ணு. புள்ள இப்பத்தான் தூங்குனா."

நம்பினால் நம்புங்கள், மிஷின் ஓட்டப் போவதற்கு முன்னால் கேட்குமே, அப்படித் தெளிவாகக் கேட்டது. ஆண் குரலா பெண் குரலா என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளையைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் எனக்கு அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பலகையில் யாரோ தட்டினார்கள், அதுகூட எனக்குக் கேட்கவில்லை, சாய்த்திருந்த நெற்றியில் அதிர்ந்தது.

எழுந்தேன். சாமியாரும் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என் தோளைப் பிடித்தார், என்ன என்று கையால் கேட்டார். கோயில்பிள்ளை ஓடிவந்து என் வலது காதில் கத்தினார்.

"சாமியாருக்குத் தொண்ட கட்டிப் பேச்சே இல்லீங்க. பாவத்தச் சொல்லுங்க, மன்னிப்புக்குப் பலகையில தட்டுவார்னு அப்பவே சொன்னனே."

சாமியார் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பேச்சு இருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி யாரையும் கண்ணு என்று கூப்பிட்டவர் இல்லை. இதெல்லாம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, கேட்டது எந்தக் காதில் என்பதும் அப்போதுதான். தூக்கக் கலக்கம் என்று நீங்கள் சொல்லலாம், நானும் பாதி வழிவரை அதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன்.

ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நல்லபடியாக இருக்கிறாளாம், சாமியார் சொன்னார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், கேட்ட வார்த்தையைச் சொல்லவில்லை. பொய்யைச் சேர்த்துச் சொன்னதால் அதற்குமேல் வாய் வரவில்லை. என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்து ரசஞ்சோற்றைத் தானாகவே பிசைந்து சாப்பிட்டாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். உதட்டசைவைப் படித்துப் பழகினவன் நான், தப்பே இல்லை.

"மெதுவாங்க. இப்பத்தான் தூங்குனா."

அதை எங்கே கேட்டாள் என்று நான் இதுவரை அவளிடம் கேட்டதில்லை. பிறகு இரண்டு பையன்கள் பிறந்து, வளர்ந்து, அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு இப்போது வலது காதும் இல்லை. வெளியே நான் பேசினால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். வீட்டுக்குள் மட்டும் நான் சத்தம் போடுவதில்லை.