கடல் குளியலும் கரை ஒதுங்கிய வேட்டியும்

இன்று காலை கடற்கரையில்...

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தோழிகளே, எல்லோரும் நலம்! பயப்படாமல் படியுங்கள். (உங்களுக்கும் சேர்த்து நானே பயந்துவிட்டேன்!)

என் வீட்டுக்காரருக்குப் பட்டணத்தில் மண்டியில் கணக்கெழுதும் வேலை. அம்பத்தூரிலிருந்து ரயிலில் போவார், நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார், ரயிலில் திரும்புவார். வாசலில் முதலில் தொப்பை வரும், பிறகுதான் அவர் வருவார்!

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்டித்துவிட்டார். "ஒடம்பு அசையணும். ஓடு, நீந்து, சைக்கிள் விடு, எதையாவது செய்!"

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஒரு கூத்து.

ஒரு ஞாயிறு வாடகை சைக்கிள். வேலப்பன்சாவடியில் ஏறினார், அடுத்த ஊரான வானகரத்தில் விழுந்தார். (நடுவில் நன்றாகத்தான் ஓட்டினாராம்!)

இன்னொரு ஞாயிறு பார்க்கில் ஓட்டம். நாய் துரத்தியதால் நினைத்ததைவிட வேகமாகவே ஓடினார்.

இந்த ஞாயிறு, கடல் குளியல்!

"கடல்லாம் வாணாங்க," என்றேன்.

"இன்னாமே பயம்? ஏரியில இந்தக் கரையில குதிச்சா அந்தக் கரையில எந்திரிச்சி நிப்பேன். கடல் இன்னா, பெரிய ஏரி. அவ்ளோதான்!"

ரயில், டிராம், அப்புறம் நடை. வெயில் ஏறுமுன் மணலுக்குப் போய்விட்டோம்.

அடேயப்பா! குதிரை மேல் ஒரு துரைசானி போகிறாள். ஒரு பக்கம் தண்டால் எடுக்கிறார்கள், இன்னொரு பக்கம் சடுகுடு. பார்த்த மாத்திரத்தில் எனக்கே உடம்பு இளைத்த மாதிரி இருந்தது!

இவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "தனம், இங்க பாரு!" என்று கையை ஆட்டினார்.

பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் அலை எழுந்தது.

அலை கரைக்கு வந்தது. அவர் வரவில்லை.

அடுத்த அலை வந்தது. அதிலும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக ஏதோ வந்து என் காலைச் சுற்றியது. எடுத்துப் பார்த்தால், அவர் வேட்டி!

கத்தினேனா, அழுதேனா, எனக்கே தெரியாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஊட்டுக்காரரு... தண்ணில... வேட்டி மட்டும் வந்துச்சுண்ணா!"

மீனவர் குரல் கொடுத்ததும் அவருடைய ஆட்கள் ஒரு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு அலைக்குள் பாய்ந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி வடக்க இழுக்குதும்மா. கரையோட போயிகினே பேரச் சொல்லிக் கூப்புடுவோம். பேரு இன்னா?"

பேரா! அதை நான் எப்படிச் சொல்வேன்?

தாலி கட்டிய நாளிலிருந்து அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நம்மில் யார்தான் சொல்கிறோம்? சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பார்கள். (அந்த ஆயுசுதான் அப்போது கடலுக்குள் கிடந்தது!)

"அது வந்து... அஞ்சுக்கு அப்பறம் இன்னா வரும்ணா?"

"ஆறு."

"அதான். அப்பறம்... மூஞ்சி."

"இன்னாம்மா நீ! ஆளு தண்ணில கீறாரு, நீ வெடுகதை போட்டுகினுகீறே? நீயே கூப்புடும்மா. ஊட்டுக்காரிக் கொரலு கேட்டாத்தான் ஆளுக்கு தெம்பு வரும்!"

ஈர வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வடக்கே ஓடினேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆறுமுகம்!"

இன்னும் உரக்கக் கத்தினேன்.

"ஆறுமுகம்! டேய், ஆறுமுகம்!"

(அந்த 'டேய்' எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது!)

சடுகுடு நின்றுவிட்டது. குதிரைகூடத் திரும்பிப் பார்த்தது.

மணலில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இங்கதான் கீறேன்மே! கத்தாதே!"

ஓடினேன்.

"ஐயோ, கிட்ட வராதே! மொதல்ல அந்த வேட்டியத் தூக்கிப் போடு!"

அலை அவரை உருட்டிக்கொண்டு போய் அங்கே கரையேற்றியிருக்கிறது. மூச்சு வந்துவிட்டது, வேட்டிதான் இல்லை. எழுந்து வர வெட்கப்பட்டு ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார். இங்கே எனக்கு உயிர் போகிறது, அங்கே அவருக்கு மானம் போகிறது!

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மீனவர் கடலுக்குள் போனவர்களைக் கைதட்டித் திருப்பி அழைத்தார். பிறகு இவருடைய தோளைத் தட்டினார். "அண்ணாத்தே, கடலாண்ட வெளையாடாதே. கால நனைச்சிகினு போயிகினே இரு!" அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும். கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும் ரயிலில் இவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அவர் சட்டைக் கையைப் பிடித்த பிடியை நான் விடவில்லை. பேரைச் சொன்னதற்குக் கோபமோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெரம்பூர் தாண்டியதும் வாய் திறந்தார்.

"டேய்னு கூப்ட்டே."

"வாய் தவறி வந்துடுச்சுங்க..."

"எங்கம்மா போனப்பறம் அப்டி யாருமே கூப்டல," என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோழிகளே, உங்களில் யாராவது வீட்டுக்காரர் பேரைச் சொல்லிப் பார்த்ததுண்டா? நிஜத்தைச் சொல்லுங்கள்!

சற்றுமுன் சமையற்கட்டில் நான் மட்டும் இருந்தேன். குழம்பைக் கிளறிக்கொண்டே, ஒரே ஒரு தடவை, அடுப்புக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஆறுமுகம்."

கூடத்திலிருந்து உடனே பதில் வந்தது.

"இன்னா, தனம்?"

"ஒண்ணுமில்லீங்க! சோறு ஆயிடுச்சி, வாங்க!"