புழுவெட்டும் ஒரு புகாரும்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. உடன் வேலை பார்த்த ஒருவன் என்னைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்டான். மறுத்தேன்.

2. அக்கா கல்யாணத்தில் பூச்சடையோடு நான் எடுத்துக்கொண்ட படத்திலிருந்து முகத்தையும் சடையையும் வெட்டி, துணியில்லாத வேறொரு உடலில் ஒட்டி, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டார்கள்.

3. "நீ ஏன் போட்டோ போட்ட?" என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். ஒட்டியவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

4. முடி கொட்டியது.

நான்காவதைக் கண்டுபிடித்தது அம்மா. எண்ணெய் தேய்த்த கை நின்றது. "இன்னாடி இது, ரூபா காசாட்டம் மொழுமொழுன்னு கீது?"

அரக்கோணத்தில் தோல் மருத்துவர் பார்த்தார். அலோபீசியா ஏரியேட்டா (உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவது; ஊரில் புழுவெட்டு என்பார்கள்). "பயம் தூண்டியிருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வேர் சாகல, பெரும்பாலும் வளந்துடும்" என்றார். திட்டுகளில் ஸ்டீராய்டு (அந்தத் தாக்குதலை அடக்கும் மருந்து) ஊசி போட்டார்.

நான் மென்பொருள் சோதிப்பவள். காரணம் எழுதாமல் எந்தக் கோளாறையும் முடித்துவைத்ததில்லை. உங்களுக்கும் இது வந்திருந்தால் ஒன்று சொல்வேன்: காரணம் தெரியாமலேயே சிகிச்சையைத் தொடங்கலாம்.

திட்டுகள் பெருகின. புகாருக்கான ஆதாரங்களைத் தொகுத்து வைத்திருந்தேன். காவல் நிலையத்துக்கு நேரில் போகவேண்டும். வாசலைத் தாண்ட முடியவில்லை. படத்தைப் பார்த்த கண்கள் இனி என் தலையையும் பார்க்கும். முக்காடு போட்டால், வெட்கப்பட்டு மறைகிறாள் என்பார்கள்.

"மொட்ட போட்டுக்கலாம்" என்றாள் அம்மா.

"எதுக்குன்னு கேப்பாங்களேம்மா?"

"நீ மட்டும் போட்டுகினா கேப்பாங்க. நானும் போட்டுகினா அது வேண்டுதல்."

நைனா செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப நானு?"

"உங்களுக்கு எறக்க இன்னா கீது? சாமியே வேணான்னுடும்."

பல நாட்களுக்குப் பிறகு மூவரும் சிரித்தோம்.

திருத்தணி மலையில் அம்மாதான் முதலில் உட்கார்ந்தாள். கத்தி ஓடி முடியும்வரை என் கையை விடவில்லை. பிறகு நான். சந்தனம் பூசிக்கொண்டு, இறங்கியதும் நேரே காவல் நிலையம் போனோம். வழியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருத்தணியில் மொட்டைத் தலையை யார் பார்க்கிறார்கள்?

உள்ளே இருந்த பெண் காவலர் எங்கள் இரண்டு தலைகளையும் பார்த்தார். "இன்னா வேண்டுதல்மா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "இந்தப் புகாருதாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

இப்போது நாட்களை என் தலையைத் தடவித்தான் கணக்கிடுகிறேன். ஒரு காலத்தில் சடையின் கனம் தெரிந்த இடத்தில் இன்று காற்று தெரிகிறது. அதுவும் என் உடல்தான். அம்மாவுக்கு என்னைவிட வேகமாக வளர்கிறது. அதில் அவளுக்குக் கொஞ்சம் சங்கடம்.

புகார் பதிவாகியிருக்கிறது, விசாரணை நடக்கிறது. படம் சில இடங்களில் இன்னும் கிடக்கிறது. முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. பிடரியில் ஒரு திட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் வேலைக்குப் போகிறேன்.