மெம்பர் சவரிமுத்துவும் பாதியில் நின்ற பாலமும்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, முற்றத்து வடிகானை அடைத்திருந்த இறப்பர் இலைகளை அள்ளி வெளியே போட்டதுதான். இரவு முழுவதும் மழை. கையில் சேறு இருக்கும்போதே எங்கள் தோட்டப் பிரிவின் ஆட்டோக்காரர் செல்வம் வாசலில் வந்து நின்றார். "அக்கா, மெம்பர் போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். கஹவத்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மெம்பர் என்றால் சவரிமுத்து ஒருவர்தான்.

மாகாண சபையில் அவர் உறுப்பினராக இருந்தது ஒரே தவணை. அந்தத் தவணை முழுவதும் நான் அவருடைய இணைப்புச் செயலாளராக இருந்தேன். நம் மாவட்டத்தில் தமிழர் வாக்குகள் சிதறாமல் விழுந்தால்தான் ஓர் ஆள் உள்ளே போக முடியும். உள்ளே போனால்தான் கீழ்ப்பிரிவு ஆற்றுக்கு ஒரு பாலம் கேட்க முடியும் என்று அவர் நம்பினார். ஆற்றில் தண்ணீர் ஏறினால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை; அக்கரைச் சிங்களக் கிராமத்தவர்களுக்குக் கடைத்தெரு இல்லை.

முதல் தேர்தலில் அவர் தோற்றார். ஒருவர் மூன்று வேட்பாளர்களுக்கு மட்டுமே விருப்பு வாக்கு அளிக்கலாம். நம் ஆட்கள் பலர் நான்கு வேட்பாளர்களின் இலக்கங்களுக்குப் புள்ளடி போட்டிருந்தார்கள். கட்சிக்கு வாக்கு சேர்ந்தது. விருப்பு வாக்குகள் செல்லாமல் போயின. மறுநாள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் மரியாயி அக்காவிடம் ஏன் என்று கேட்டோம். "நாலு பேரும் ஊட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க. யாரைங்க விடுறது?" என்றார் அவர். சவரிமுத்து கோபப்படவில்லை. "தேத்தண்ணி குடுத்ததோட மரியாதை முடிஞ்சிருச்சு அக்கா. ஓட்டு வேற வேலை" என்றார்.

அடுத்த தேர்தலில் அவர் மேடை போடவில்லை. காட்போட் மட்டையில் வாக்குச்சீட்டு வரைந்து லயம் லயமாகக் கொண்டுபோனார்.

"என் இலக்கத்த மறந்தாலும் பரவாயில்லங்க, மூணுக்கு மேல போடாதீங்க."

"அப்ப நாலாவது ஆளு வந்து கேட்டா மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்றார் மரியாயி அக்கா.

"என் மேல பழியப் போடுங்க. மெம்பர் விடலன்னு சொல்லுங்க."

"நீங்க இன்னும் மெம்பர் ஆகலையே."

"அதுக்குத்தானே மட்டையத் தூக்கிக்கிட்டு அலையிறேன்."

அந்த முறை வென்றார்.

சபையில் பாலத்தைப் பற்றிப் பேச நான் நல்ல சிங்களத்தில் ஓர் உரை எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கடைத்தெருச் சிங்களத்தில் பேசினார். "தோட்டத்துப் பாலத்தைக் கம்பனியிடம் கேளுங்கள்" என்று ஓர் உறுப்பினர் சிரித்தார். "ஆறு கம்பனிக்குச் சொந்தமில்லையே" என்றார் இவர். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் எனக்கு மனத்தாங்கல். "நீங்க எழுதினது அழகா இருக்கும்மா. அழகா பேசினா கேட்டுட்டுப் போயிருவாங்க, பதில் சொல்ல மாட்டாங்க" என்றார். நான் மொழிபெயர்ப்பை என் தொழிலாக்கிக்கொண்ட பிறகும், ஒரு வரி அழகாக வந்துவிட்டால் இந்தப் பேச்சு என்னைத் தடுக்கும்.

ஆற்றில் இரண்டு தூண்கள் எழுந்தன. தளம் போடுவதற்குள் சபையின் காலம் முடிந்தது. புதிய தேர்தல் வரவில்லை. வாசல் பலகையில் "மாகாண சபை உறுப்பினர்" என்பதற்கு முன்னால் "முன்னாள்" என்று இரண்டு மொழியிலும் அவரே எழுதினார். ஆட்கள் வருவது குறையவில்லை. அக்கரையிலிருந்து மரக்கறி கொண்டுவரும் சோமபால, "மந்திரிதுமா, நம்ம பாலம எப்ப?" என்று, சபை உறுப்பினரை அழைக்கும் சிங்களச் சொல்லோடு, இரண்டு மொழியும் கலந்து கேட்பார்.

"போர்டப் பாருங்க அய்யே" என்று இவரும் சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லிக் காட்டுவார்.

"பார்த்தேன். போர்டுகிட்டயா பாலம் கேக்கிறது?"

மறுநாள் காலை இருவரும் ஒன்றாக பஸ் ஏறி மாகாண சபை அலுவலகத்துக்குப் போவார்கள். மாலை வெறுங்கையோடு திரும்புவார்கள். இப்படிப் பல ஆண்டுகள்.

அடக்கத்தன்று ஆறு நிரம்பி ஓடியது. அக்கரையார் சுற்றுவழியில் நடந்து வந்தார்கள். சோமபால வந்து சேர்ந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது. அவர் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

கட்சி அமைப்பாளர் ஒலிபெருக்கியில், அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் சவரிமுத்துவின் மகன் ஜெரோம் நிற்பார் என்றார். ஜெரோம் என் அருகில்தான் இருந்தான். "எனக்கு வேணாங்க அக்கா. அப்பா எங்களோட ஒக்காந்து சாப்பிட்டதே கொறவு" என்றான். அமைப்பாளரிடமும் அதையே சொன்னான். அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"அப்ப நீங்க ஒரு ஆளச் சொல்லுங்க. சிங்களம் தெரியணும், அக்கரையிலயும் மதிக்கணும், பாலத்து விசயம் அடியிலேருந்து தெரிஞ்சிருக்கணும். நல்ல ஆம்பள ஆளா பாருங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இதைப் படிக்கும், சவரிமுத்துவை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நினைவு இருக்கும். நான் வைத்துக்கொள்வது, பதவி இல்லாத நாளிலும் கேட்டவரோடு எழுந்து பஸ் ஏறிய அந்த வழக்கத்தை. அமைப்பாளர் ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்டு வருவார். கேட்ட தகுதிகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உள்ள ஓர் ஆளின் பெயரைச் சொல்லப்போகிறேன். அது என் பெயர். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.