மஞ்சள் மீனும் மாமியாரும்

லிஃப்ட் மெக்கானிக் எந்த நேரம் வேலை முடித்து வந்தாலும், செருப்பைக் கழற்றும் முன்பே எட்டிப் பார்ப்பது கூடத்திலிருந்த உப்புநீர்த் தொட்டியைத்தான். உள்ளே பாறைகளில் உயிருள்ள பவளங்கள், அவற்றினூடே நீந்தும் ஒரு மஞ்சள் மீன். உப்பை நிறுத்துக் கலப்பார், சூட்டை அளப்பார், குழாயால் துளித்துளியாய்த் தீனி கொடுப்பார். "கல்லுக்கு ஊட்டி விடுற ஆளைக் கட்டிக்கிட்டது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்பாள் மனைவி.

அந்தக் கோடையில் தொட்டித் தண்ணீர் சூடேறிவிட்டது. பெரிய பவளம் தன் மெல்லிய சதை விரல்களை உள்ளே இழுத்துச் சுருங்கிக்கொண்டது. தண்ணீர் மேல் காற்றடித்தால் சூடு இறங்கும். வீட்டுக்கு வந்திருந்த மாமியாரின் அறையிலிருந்து மேசை விசிறியைத் தூக்கிவந்து தொட்டியருகே வைத்தார்.

"மாப்பிள்ளை, எனக்கு இங்க வேர்த்துக் கொட்டுது. தண்ணிக்குள்ள இருக்கறதுக்குக் காத்தா?"

"ரெண்டே நாள், அத்தை."

மாமியார் நாற்காலியை இழுத்து வந்து விசிறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பாடும் அங்கேதான், பகல் தூக்கமும் அங்கேதான்.

சூடு இறங்கியது. பவளம் மட்டும் விரியவில்லை. மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீரை மாற்றினார், விளக்கைக் குறைத்தார். மூன்றாம் நாள் மாமியார் வாய் திறந்தார்.

"அந்த மஞ்சள் மீனைக் கொஞ்சம் கவனிங்க. நீங்க வேலைக்குப் போனதும் பவளத்தைக் கொத்திக் கொத்தித் தின்னுது."

"சேச்சே, அது பரம சாது, அத்தை. கடைக்காரரே சொன்னார்."

"உங்க முன்னாடி சாதுதான்."

மறுநாள் மெக்கானிக் மதியமே வந்து திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பத்து நிமிடம் போனது. மஞ்சள் மீன் பவளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நறுக்கென்று ஒரு கடி கடித்தது.

"பார்த்தீங்களா!" மாமியார் போட்ட சத்தத்தில் திரையும் கம்பியும் மாப்பிள்ளையும் ஒன்றாய்க் கீழே வந்து விழுந்தார்கள்.

பிடிப்பதுதான் பெரும்பாடு. வலை இடப்பக்கம் போனால் மீன் வலப்பக்கம். கடைசியில் மெக்கானிக் பாறைகளை ஒவ்வொன்றாய் வெளியே எடுக்க, மாமியார் மரக்கரண்டியால் விரட்ட, மனைவியின் வலையில் வந்து விழுந்தது.

கடைக்காரரிடம் வாளியை நீட்டியதும் மாமியார்தான். "ரொம்பச் சாதுவாமே? உங்க வீட்டுலயே வெச்சுக்குங்க."

ஐந்தாம் நாள் காலை பவளம் விரியத் தொடங்கியது. மாமியார் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளும் அதுதான். தொட்டி முன் கொஞ்ச நேரம் நின்றவர், கட்டிய பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினார்.

"ஓரத்து விரல் இன்னும் பாதிதான் திறந்திருக்கு, மாப்பிள்ளை. முழுசாப் பார்த்துட்டே போறேன்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.