10403 நம்பர் சைக்கிள்

மைசூரில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு ஒரு வியாதி உண்டு. தப்பான கணக்கு காதில் விழுந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. வகுப்பறையில் அது நல்ல குணம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அதுவே வினையாகிவிட்டது.

கணக்கு டீச்சர் என்று கேள்விப்பட்டால் வருகிறவர்களும் சும்மா இருப்பதில்லையே! முதலில் வந்த பாரஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா, ஒன்று ஒரு பகா எண் என்று ஆரம்பித்தார். "இல்லைங்க" என்றாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்தவர், தொண்ணூற்றொன்றை எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்று அடித்துச் சொன்னார். "ஏழு, பதிமூணு" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தக் காபியும் ஆறிப்போயிற்று.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ரயில்வே ஆபீஸ் ஸ்டானிஸ்லாஸ் வருவதாகச் சொல்லி அனுப்பினான். "இந்தத் தடவையாவது வாயைத் திறக்காதேடி" என்று அம்மா விக்டோரியா கெஞ்சினாள். அவள் கெஞ்சியிருக்கவே வேண்டாம். ஜெசிந்தாவுக்கே அவனைப் பிடித்திருந்தது. மாதா கோயில் பாட்டுக் குழுவில் தன் சுருதி தப்பினால் தானே முதலில் சிரிக்கிறவன் அவன்.

வந்தான், உட்கார்ந்தான், காபியை வாங்கினான்.

"டீச்சர், என் சைக்கிள் லைசென்ஸ் பில்லை நம்பர் பத்தாயிரத்து நானூத்தி மூணு. ப்ரைம் நம்பர்ங்க! ரெண்டுல ஆரம்பிச்சு நூறு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன். எதுலயும் போகல."

ஜெசிந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நூற்றிரண்டின் வர்க்கம் பத்தாயிரத்து நானூற்று நான்கு. அதில் ஒன்று குறைந்தால் நூற்றொன்றையும் நூற்றுமூன்றையும் பெருக்கியதுதானே? சொன்னால் போய்விடுவான். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அந்தத் தப்போடு ஊரைச் சுற்ற வேண்டும்.

"நூறோட நிறுத்திட்டீங்க" என்றாள் மெதுவாக. "நூத்தியொண்ணால வகுத்துப் பாருங்க."

விக்டோரியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஸ்டானிஸ்லாஸ் விரலால் உள்ளங்கையில் வகுத்தான். புருவம் ஏறியது.

"நூத்திமூணு... மீதியே இல்ல! ஹௌதல்லா, ஆமால்ல!" தொடையைத் தட்டிச் சிரித்தான். "இன்னும் ஒரே ஒரு நம்பர் போயிருந்தா பிடிச்சிருப்பேன்! ரெண்டுமே ப்ரைம்தானே டீச்சர்? இது தனியா நிக்குதுன்னு இத்தனை நாளா பெருமையடிச்சேன். உள்ள ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்காங்க!"

எழுந்து போகப்போகிறான் என்று விக்டோரியா வாசலைப் பார்த்தாள். அவன் காலி டம்ளரை நீட்டினான்.

"இன்னொரு காபி கிடைக்குமாம்மா? எங்க ஆபீஸ் இன்ஜின் நம்பர் ஒண்ணு சொல்றேன். அதையும் தப்பாத்தான் போட்டிருப்பேன்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. அம்மா எழுவதற்குள் டம்ளரை அவளே வாங்கிக்கொண்டாள்.

"இருங்க, நானே போட்டுக் கொண்டுவரேன்" என்றாள். "நான் வர்றதுக்குள்ள நம்பரைச் சொல்லிடாதீங்க."