அண்ணன் நெஞ்சில் இருந்தது யாருடைய புகை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டைப் படத்தில் எங்கள் அண்ணன் சீருடையில் சிரிக்கிறார். அந்த நாட்களில் அவர் மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரே மூச்சில் மலை ஏறக்கூடியவர். தங்கையாகிய நான் அந்த மூச்சைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவர் போய் ஓராண்டாகியும் அதன் வழக்கு முடியவில்லை.

அண்ணன் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். பின்கட்டில் கொப்பரை கொதிக்கும். வெயிலில் அரக்கும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக நூல் காயும். ஆனால் மகனை அந்தப் பக்கமே விடமாட்டார். "உள்ள வந்தினா காலை ஒடிச்சிடுவேன், போய்ப் படி" என்பார். அண்ணன் படித்தார், ஓடினார், ராணுவத்தில் சேர்ந்தார். சேரும்போது நடந்த மருத்துவச் சோதனையில் அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

விடுப்பில் வந்தால் என்னைச் சீண்டாமல் இருக்கமாட்டார். "அப்பா கையில சாயம். கவிதை எழுதுறேன்னு உன் கையில மை. இந்த வீட்ல என் கைதான்மா சுத்தம்."

அவருக்கு வாய்த்தது வெடிமருந்துக் கிடங்கில் வேலை. காலாவதியானதைக் குழியில் கொட்டி எரிக்க வேண்டும். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. அவருடைய பழக்கங்கள்தான் பேசின. எங்கே போனாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். போகியன்று தெருவில் பழைய பாய் எரியும்போது சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, அண்ணியிடம் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளச் சொல்வார்.

"ஒரு பாய் எரியறதுக்கா இந்தப் பாடு?" என்று அண்ணி சிரித்தார்.

"எங்களுக்கும் ஈரத்துணிதான் குடுத்தாங்க" என்றார் அண்ணன்.

இருமல் முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு பேச்சுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. அப்புறம் இருமலுக்கு நடுவேதான் பேச்சு என்றாகிவிட்டது. பணியிலிருந்து விடுவிக்கும்போது கூடிய மருத்துவக் குழுவில் ஒருவர், படையில் சேருமுன் என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார். "சாயத் தொழில் சார், பரம்பரையா" என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிவிட்டார். எங்களூரில் அப்படித்தான். வங்கியில் வேலை பார்ப்பவரும் தொழில் என்னவென்று கேட்டால் நெசவு என்பார்; கேட்டவர் வீட்டைக் கேட்கிறார் என்றே நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

குழு எழுதிவிட்டது: நோய் படைப்பணியால் வந்ததுமல்ல, படைப்பணியால் கூடியதுமல்ல, குடும்பத் தொழிலின் சாயப்புகையால் வந்திருக்கலாம். ஊன ஓய்வூதியம் இல்லை.

அந்தத் தாளை நான்தான் அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். அவர் சாயம் ஊறிய தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "நான் அவன உள்ள விட்டதே இல்லியேம்மா" என்றார். அதன்பின் அவர் இருந்த காலம் கொஞ்சம்தான். அண்ணன் இருமும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்பா மறைந்த பிறகுதான் அண்ணன் தீர்ப்பாயத்துக்குப் போனார். "காசு வந்தா வருது, வராட்டி போவுது. அப்பா மேல எழுதிட்டானுங்கமா. அத அடிக்கணும்."

சென்னையில் எங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அம்மா பொறுமையாக விளக்கினார். "சேரும்போது நோய் இல்லைன்னா, பணியில வந்ததுன்னுதான் சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு காட்ட வேண்டியது அவங்க. ஆனா காரணத்த நீங்களே வாயால குடுத்துட்டு வந்துட்டீங்களே சார்." எரிகுழியில் அவர் நின்றதற்கோ பதிவில்லை. பதிவில் அவர் வெறும் கிடங்குப் பணியாளர்.

கூட நின்ற நண்பர்கள் இருவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்கள். குடியாத்தத்துக்காரர் விசாரணைக்கு முன்பே போய்விட்டார், அதே இருமல். துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பேருந்தில் அண்ணன் சொன்னார்: "சாட்சியெல்லாம் இருமிக்கினே போறானுங்க." அவரே சிரித்தார்.

மிஞ்சிய வழி ஒன்றுதான் என்றார் வழக்கறிஞர். நுரையீரல் திசுவைச் சோதித்தால் உள்ளே தங்கியிருப்பது உலோகத் தூசா, சாயமா என்று தெரியக்கூடும். உயிரோடு எடுக்க அவர் உடம்பு தாங்காது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள்.

"அப்ப போனப்புறம் எடுத்துக்கட்டும்" என்றார் அண்ணன்.

"உங்கள முழுசாதான் அனுப்புவேன்" என்றார் அண்ணி. "கூறு போட நீங்க என்ன ஆடா?"

"ஆடா இருந்தா இந்நேரம் நல்ல விலைக்குப் போயிருப்பேனே."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அது எங்களோடுதான் சாப்பிட்டது, எங்களோடுதான் படுத்தது.

அண்ணன் அரசு மருத்துவமனையில் ஒரு முற்பகலில் அடங்கினார். மருத்துவர் வந்து, நுரையீரல் திசு எடுக்கச் சம்மதமா என்று அண்ணியிடம் கேட்டார். "செத்தவன அறுத்து என்னாத்தப் பாக்கப் போறீங்க, பொழுதோட எடுக்கணும்" என்று பெரியப்பா கோபப்பட்டார். அவர் சொன்னதிலும் தவறில்லை. அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது தாழ்வாரத்திலிருந்து இருமல் கேட்டது. அதே இழுப்பு, முடிவில் அதே விக்கல். அண்ணி துள்ளித் திரும்பினார், நானும் திரும்பினேன். சாட்சிகளில் மிஞ்சியிருந்த அரக்கோணத்து நண்பர் மாலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, அந்தக் குழி இப்ப மூடியாச்சா?" என்று அண்ணி கேட்டார்.

"எங்கம்மா. புதுப் பசங்க எரிச்சிக்கினு இருக்காங்க."

அண்ணி எழுந்து போய்க் கையெழுத்திட்டார்.

வழக்குக்கு வேண்டிய துண்டை எடுத்தபின் கத்தி வைத்த இடம் தெரியாமல் தைத்து, அண்ணனை மரியாதையோடு எங்களிடம் ஒப்படைத்த மருத்துவருக்கும் ஊழியர்களுக்கும் நன்றி. கோபத்தோடே ஆனாலும் கடைசிவரை பாடையைத் தோளில் தாங்கிய பெரியப்பாவுக்கு நன்றி. எங்களிடம் கட்டணம் பேசாத வழக்கறிஞர் அம்மாவுக்கும், மூச்சிரைக்க மூச்சிரைக்கச் சாட்சி சொல்லிவிட்டுப் போன அரக்கோணத்து அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அவர் இப்போது படுக்கையில் இருக்கிறார். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் சோதனை முடிவு வந்ததா, தீர்ப்பு வந்ததா என்றுதான் கேட்கிறார். வரவில்லை.

தலைத்திவசத்துக்கு நாள் குறிக்க அண்ணியும் நானும் ஐயரைப் பார்க்கப் போனோம். பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே, "அஸ்தியெல்லாம் கரைச்சாச்சோல்லியோ?" என்று கேட்டார்.

"இல்ல சாமி" என்றார் அண்ணி. "கொஞ்சம் கோர்ட்டுல இருக்குது."