நாக்கத் தூக்கு, பாப்போம்

"ஆ..." என்று முதலில் வாயைத் திறப்பவள் பஞ்சாலைதான். பிள்ளைக்குச் சோறூட்டும் தாய் தன் வாயையும் சேர்த்துத் திறப்பாளே, அதே மாதிரி. எதிரே நிற்பவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தகரக் குவளைத் தண்ணீரை மடக்கென்று குடித்ததும், "நாக்கத் தூக்கு, பாப்போம்" என்பாள். தன் நாக்கையும் தூக்கிக் காட்டுவாள். வெற்றிலைச் சிவப்பு ஏறிய நாக்கு. அடிநாக்கு, கடைவாய், கன்னக்குழி எல்லாம் எட்டிப் பார்த்த பிறகுதான், "செரி, போ. அடுத்த ஆளு!"

திங்கட்கிழமை தோறும் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் இது நடக்கும். பெடாஸ் சாலையிலிருந்து மூன்று கல் உள்ளே தள்ளிய கித்தாத் தோட்டம், ரப்பர் மரக் காடு. பால்வெட்டுக்குப் போகும் இருநூறு பேர் வரிசையில் நின்று மலேரியாவுக்குக் கசப்பு மாத்திரை விழுங்க வேண்டும். விழுங்கினதை வாயைப் பிளந்து காட்ட வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெகுகாலமாக வேலை பார்க்கும் பஞ்சாலைக்கு இதுதான் உத்தரவு. யாருக்கு எந்தப் பல் சொத்தை, யார் பல் தேய்க்காமல் பெரட்டுக்கு வருகிறார், யார் விடிவதற்குள் கள் வாடையோடு நிற்கிறார் என்று அவளைக் கேட்டால் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி கணேசமூர்த்தி வீட்டுக்கு மட்டும் மாத்திரை காகிதப் பொட்டலத்தில் போகும். ஆபீஸ்காரர்கள் நாக்கைத் தூக்க வேண்டியதில்லை. படித்தவர் வாயில் மாத்திரை தானாகவே தொண்டைக்குள் இறங்கிவிடும் போலிருக்கிறது! கிராணி வீட்டுப் பின்பக்கக் கால்வாயில் அவர் வளர்க்கும் கோழிகள் வெள்ளையாக எதையோ கொத்துவதைப் பஞ்சாலை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். "அந்த வூட்டுக் கோழிக்கு மலேரியாவே வராது" என்று குழாயடியில் சொன்னதோடு விட்டுவிட்டாள்.

அவள் ஆளை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல மாட்டாள். விரலைப் பார்த்துத்தான். காய்ச்சல் என்று வந்தால் இடது கை மோதிர விரலைப் பிடித்து, பஞ்சால் துடைத்து, ஓரமாக ஒரு குத்து. பால்வெட்டுகிறவர் விரல் நுனி காய்த்துப் போயிருக்கும், ஊசி இறங்காது. "இது வெரலா, கித்தாக் கட்டையா?" என்று திட்டிக்கொண்டே பிதுக்குவாள். கண்ணாடிச் சில்லில் ரத்தத்தை ஒரு பக்கம் தடித்த பொட்டாக வைப்பாள், மறுபக்கம் இன்னொரு சில்லால் மெல்லிசாக இழுப்பாள். அது காயும் வரை பிஸ்கட் டின் மூடியில் வைத்து, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அட்டையால் விசிறிக்கொண்டே இருப்பாள். ஈக்குத்தான் அந்தக் காவல். ரத்தப் பொட்டை ஈ நக்கிவிட்டால் சில்லில் ஒன்றும் தெரியாது. "ஈ நக்கிட்டுப் போனா, சிரம்பான்ல சில்லப் பாக்குறவன் காச்சலே இல்லன்னு எழுதிடுவான்லா. அப்புறம் குளுருல ஆடுறவன் சும்மா ஆடுறான்னு கிராணி சொல்வாரு" என்பாள். காய்ந்த சில்லைப் பழைய செய்தித்தாளில் சுற்றி லாரியில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். நடிகை கல்யாணச் செய்தி இருக்கும் தாளாக இருந்தால் படித்து முடித்த பிறகுதான் சுற்றுவாள்.

எழுபத்தாறாம் வருடம் அவளுக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதைச் சொல்லாமல் பஞ்சாலையைச் சொல்ல முடியாது.

சன்னாசி என்று ஒரு பால்வெட்டுக்காரன். வாயில்லாப் பூச்சி. இரண்டு மாதத்தில் மூன்று தடவை குளிர்காய்ச்சல். மூன்று தடவையும் பஞ்சாலையே கூட இருந்து மாத்திரை கொடுத்தாள்: முதல் நாள் நாலு, மறுநாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு. காய்ச்சல் விடும், பத்து நாளில் திரும்பி வரும். சிரம்பானிலிருந்து வந்த தாளில் ரத்தத்தில் கிருமி இருப்பதாகவே எழுதியிருந்தது.

கணேசமூர்த்திக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. கிராணி ஆயிற்றே! பெரட்டில் எல்லார் முன்னாலும் ஒரு கடிதத்தைப் படித்தார். சன்னாசி மருந்தைத் துப்பிவிட்டுத் தோட்டத்தில் காய்ச்சலைப் பரப்புகிறானாம். இன்னொரு தடவை ரத்தத்தில் கிருமி தெரிந்தால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் பெண்டாட்டி பிள்ளைகளோடு காலி செய்ய வேண்டும்.

"எங்கடா ஒளிச்சு வைக்கிற மாத்திரய? கடவாயிலயா?"

"இல்லீங்கையா. முழுங்கிட்டேங்க."

"வாயத் தொற."

திறந்தான். அன்றைக்குத் திங்கட்கிழமைகூட இல்லை. மாத்திரை கொடுக்கவுமில்லை. வெறும் வாயை, நாற்பது வயது ஆம்பிளை, தன் பெண்டாட்டி பார்க்கத் திறந்துகொண்டு நின்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

"நான் பாத்தேங்கையா, அவன் முழுங்குனத" என்றாள் பஞ்சாலை.

"நீ என்னா டாக்டரா? நீ பாத்தது எங்க செல்லும்?"

பதினெட்டு வருடம் ஒவ்வொரு வாயாகப் பார்க்கச் சொன்னவர்களே, பார்த்தேன் என்றால் செல்லாது என்கிறார்கள். அப்புறம் என்ன இழவுக்கு அவளைப் பார்க்கச் சொன்னார்கள்?

நாலாவது தடவை சன்னாசிக்குக் குளிர் கண்டபோது அவன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வந்தால் ரத்தம் எடுப்பார்கள், எடுத்தால் வீடு போகும். போர்வைக்குள் கிடந்தவனைப் பஞ்சாலையே போய் இழுத்து வந்தாள். "செத்தா மட்டும் வீட்ட ஒனக்கே குடுத்துருவாங்களா? எந்திரி!"

இந்த முறை ஏழு நாள் அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வைத்துக்கொண்டாள். தன் கையால் மாத்திரை கொடுத்தாள். ஏழு நாளும் விரலைக் குத்தினாள்.

"அக்கா, கொசு பாதி குடிச்சிருச்சு, நீ பாதி எடுத்துட்ட. எனக்குன்னு எதாச்சும் மிச்சம் வையிலா."

"வாய மூடிக்கிட்டுக் கெட. இவ்ளோ நாளு தொறந்தது போதும்."

ஏழு சில்லும் ஏழு தாளில் போயின. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால், "இவன் மாத்திரை முழுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இப்படிக்கு, பஞ்சாலை" என்று எழுதினாள். மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத்து கொஞ்சம் சாயும், சொன்ன விஷயம் சாயவில்லை.

சிரம்பானில் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படித்திருக்கிறார். அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு மலாய் டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். சன்னாசியிடம் ஒரு போத்தலைக் கொடுத்து, சிறுநீர் கொண்டுவரச் சொன்னார். கணேசமூர்த்தியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். மஞ்சளாக இருந்ததில் டாக்டரம்மா ஏதோ மருந்தை விட்டுக் குலுக்கினார். கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

"மருந்து இவர் உடம்புக்குள் இருக்கிறது. முழுங்கித்தான் இருக்கிறார்" என்று மலாயில் சொன்னார்.

சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பஞ்சாலைக்குச் சந்தோஷம் வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. "நாங்க வாயால சொன்னா பொய்யி. எங்க மூத்திரம் சொன்னா நெசமா?" என்று போத்தலையும் கிராணியையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள். கிராணி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பில் சன்னாசியின் சில்லைப் பஞ்சாலையும் பார்த்தாள். பதினெட்டு வருடமாக ரத்தம் எடுத்தவளைப் பார்க்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. "மூக்குத்தி மாதிரி இருக்கு. வளையத்துல ஒத்தக் கல்லு." டாக்டரம்மா வேறொருவர் சில்லையும் வைத்துக் காட்டினார். அந்த ஆள் இதே கசப்பு மாத்திரையில் குணமானவர். "இதுவும் அதே மூக்குத்திதான். அப்ப ஒன்னு ஏன் சாவுது, ஒன்னு ஏன் சாவ மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டு, அவளே யோசித்து, தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். பன்னிரண்டாம் நம்பர் கித்தாக் காட்டில் விதை போட்டு வளர்ந்த மரங்கள் நிற்கின்றன. ஒரே இலை, ஒரே பட்டை. ஒன்று மங்கு நிறையப் பால் கொட்டும், பக்கத்து மரம் நாலு சொட்டோடு நின்றுவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது, வெட்டினால்தான் தெரியும்.

"பெத்துல்", சரியாகச் சொன்னாய் என்றார் டாக்டரம்மா. கிருமிக்குள்ளும் அப்படி வம்சம் வம்சமாக வேற்றுமை உண்டு. இந்த மாத்திரைக்குச் சாகாத ஒரு வம்சம் இந்தத் தோட்டத்தில் தங்கிவிட்டது. மாத்திரை போடப் போட மற்றதெல்லாம் செத்து அதுவே பெருகுகிறது. குற்றம் சன்னாசியிடம் இல்லை. வேறு மருந்து வேண்டும். அவனை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது என்று தோட்டத்து மேனேஜர் தொரையிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு தப்பியது. புது மருந்தில் சன்னாசிக்கு அதன் பிறகு காய்ச்சல் வரவில்லை. ஆனால் பெரட்டில் கடிதம் படித்த வாய், அது தப்பு என்று பெரட்டில் சொல்லவில்லை. பஞ்சாலை ஆபீசுக்கே போய்க் கேட்டாள். "அதான் ஒன்னும் ஆவலையே, விடு புள்ள. இதெல்லாம் ஆபீஸ் விசயம்" என்றார் கணேசமூர்த்தி. முழுங்கிய மனுசன் துப்பினவனாகவே இன்றைக்கும் ஃபைலில் இருக்கிறான்.

டாக்டரம்மா இன்னொன்றும் எழுதிக் கொடுத்திருந்தார். தோட்டத்தில் இருப்பவர் எல்லாரும், ஆபீஸ்காரர் உட்பட, ஒரு தடவை ஆள் முன்னால் புது மாத்திரை விழுங்க வேண்டும். யார் வீட்டுக்கும் பொட்டலம் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை வரிசையில் முதல் ஆளாகக் கணேசமூர்த்தி நின்றார். பெரட்டுக்களம் நிறைந்திருந்தது. இரண்டாவதாகச் சன்னாசி. கிராணி பழக்கதோஷத்தில் பொட்டலத்துக்குக் கையை நீட்டினார். பஞ்சாலை உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்தாள், தகரக் குவளையைக் கொடுத்தாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வேட்டி நுனியால் உதட்டை ஒற்றிக்கொண்டு ஆபீஸ் பக்கம் திரும்பினார்.

அவள் நகர்ந்து வழியில் நின்றாள். அவர் முகத்துக்கு நேராகத் தன் வாயை அகலத் திறந்து, சிவந்த நாக்கை மெதுவாகத் தூக்கி, அப்படியே காத்திருந்தாள்.